இரண்டு அங்குல ஆள்

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

குருவின் பெயர் யூனிஸ். பட்டாபிராமில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியறையில், ராணுவ வண்டிகளைச் சின்ன அளவில் செய்யக் கற்றுக்கொடுத்தாள். நிஜ வண்டியை முப்பத்தைந்து பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒரு டாங்கி ஒரு சாண் நீளம் வரும். ஒரு மனிதன் இரண்டு அங்குலம் வருவான்.

சீடரின் பெயர் கோதண்டம். மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பொழுது போவதற்காக அந்தப் படிகளில் ஏறி வந்தார்கள். தான் எதற்காக வந்தோம் என்பதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"என் பையன் டாங்கி ஓட்டினவன், டீச்சர். அவன் ஓட்டின வண்டியைச் செய்யணும்."

"ஓட்டினவர்னா?"

"இப்ப இல்ல."

யூனிஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

மிச்சத்தை அவரே பின்னொரு நாள் சொன்னார். டாங்கியின் சக்கரப் பட்டைக்குக் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல், யாருக்கோ பஸ் வழி சொல்வதுபோலச் சொன்னார். பையன் பெயர் இளம்பரிதி. வடக்கே ஓர் ஆற்றை டாங்கியோடு கடக்கும் பயிற்சி. தண்ணீரில் இறங்குமுன் ஓட்டுநர் தன் தலைக்கு மேலே இருக்கிற மூடியை இறுக மூடிக்கொள்ள வேண்டும். அவனும் மூடிக்கொண்டான். மலையில் பெய்த மழை ஆற்றில் வந்துசேர்ந்தது அப்போதுதான். தண்ணீரின் கனத்தில் மூடியை உள்ளேயிருந்து தள்ள முடியவில்லை. சவப்பெட்டியோடு வீட்டுக்கு வந்த அதிகாரி இவ்வளவுதான் சொன்னார்.

"அந்த மூடி எவ்வளவு பெரிசு, டீச்சர்?" என்று கேட்டார் கோதண்டம்.

யூனிஸ் இரண்டு கைகளையும் நீட்டிக் காற்றில் ஒரு வட்டம் காட்டினாள். ஒரு சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது.

"அவ்வளவுதானா?" என்றார் அவர். மறுபடியும் கண்ணி கோக்க ஆரம்பித்தார்.

அவருக்குப் பக்கத்து மேஜை பல் டாக்டர் நஸீருடையது. அவர் பழைய ஜீப்புகளாகச் செய்துகொண்டிருந்தார். பல்லில் துளை போடும் மெல்லிய ஊசிகளை வீட்டிலிருந்து கொண்டு வருவார். யாருக்குத் துளை போட வேண்டியிருந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"கோதண்டம் சார், கதவு," என்பார் நஸீர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்.

கோதண்டம் எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும் அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்துவிடுவார். பேக்கரி அடுப்பின் சூடு முழுக்க மாடியேறி அறைக்குள் வந்துவிடும்.

"டிப்போ பழக்கம் சார். வீட்லயும் இதுக்குத்தான் திட்டு."

"டிப்போல கதவை மூடினா சம்பளத்துல பிடிப்பாங்களா?"

"டிரைவர் கதவைத் தெறந்து விட்டுட்டுத்தான் போகணும். அங்க அப்படித்தான்," என்று சிரித்தபடி எழுந்து போய் மூடிவிட்டு வருவார். அடுத்த வாரம் மறந்துவிடுவார்.

மழைக்காலம் முடிவதற்குள் டாங்கி முடிந்துவிட்டது. நல்ல வேலை. ஆற்று மணல் சக்கரங்களில் ஒட்டிக் காய்ந்தது வரைக்கும் வந்திருந்தது. ஒரே ஒரு துண்டைத்தான் கோதண்டம் இன்னும் ஒட்டவில்லை. டாங்கியின் முன்பக்கம், பீரங்கிக் குழலுக்குக் கீழே இருக்கிற ஓட்டுநரின் மூடி. சட்டைப் பொத்தான் அளவுதான். அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

அந்த அறையில் அதற்கு ஒரு முறை இருந்தது. யூனிஸ் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிக் கொடுப்பாள். மூடியைத் திறந்து வைத்தால் அதற்குள் ஒரு ஆளை வைக்க வேண்டும், அல்லது ஆள் அருகிலாவது இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் மூடியை ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெறும் பொந்து தெரியும். அத்தனை பாடும் வீணாகி அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

"ஒரு பொம்மை வேணும், டீச்சர்," என்றார் கோதண்டம்.

"இங்க பொம்மைன்னு சொல்லக் கூடாது சார். ஆளுன்னு சொல்லுங்க."

"எந்த ஆளை வைக்கிறது?"

"யாரை வைக்கணும்?"

"என் பையனை."

"அப்ப அவரைத் தேடுங்க," என்று சொல்லி, ஆட்கள் இருக்கும் இழுப்பறைகளைக் காட்டினாள்.

இழுப்பறைகள் நிறைய ஆட்கள் இருந்தார்கள். பல நாட்டு உடுப்புகள். ஓடுகிறவர்கள், குறி பார்க்கிறவர்கள், தூரக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள், காயம் பட்டவனைத் தூக்கிப் போகிறவர்கள், சும்மா சிகரெட் பிடிக்கிறவர்கள். கோதண்டம் காலை முழுக்கத் தேடி ஒருவனைக் கொண்டுவந்தார். ஒரு கையை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து, கட்டளை போடுகிறவன்.

நஸீர் எட்டிப் பார்த்தார். "கடைவாய்ப் பல் தெரியுற மாதிரி கத்துறாரே. எங்கிட்ட அனுப்புங்க சார், ஒரு சொத்தை இருக்குற மாதிரி தெரியுது."

யூனிஸ் கேட்டாள்: "உங்க பையன் இப்படிக் கை நீட்டுவாரா?"

"அவனா? மளிகைக் கடையில முன்னால நிக்கிறவன் வாங்கிட்டுப் போற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டான்."

"அப்ப இவர் யாரு?"

கோதண்டம் கையிலிருந்தவனைப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

அடுத்ததாக அவர் எடுத்தது டாங்கியோடு பெட்டியிலேயே வந்த ஆளை. ஓட்டுநர் மூடிக்குள் வைப்பதற்கென்று செய்த ஆள். தலையும் தோளும் மட்டும்தான் இருக்கும், கீழே உடம்பு கிடையாது. இதுதான் சரி என்று அவருக்குத் தோன்றியது. பையனின் போட்டோவை முன்னால் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியின் கீழே, ஒற்றை மயிர்த் தூரிகையால் முகம் வரைந்தார். வெளிநாட்டில் செய்த ஆள் என்பதால் மூக்கு நீளமாக இருந்தது. அதைச் சீவினார். மீசை வைத்தார். இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பைக்கூட வைத்தார். பிடிக்காமல் அழித்து, மறுபடியும் வரைந்தார். பொங்கல் வரைக்கும் அதே வேலையாக இருந்தார்.

கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தால் அது பரிதிதான். நஸீர்கூட ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

அதைச் சின்ன டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஞாயிறு திரும்பி வந்தபோது டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு வெகு நேரம் எதையும் தொடவில்லை.

"வீட்ல காட்டினீங்களா?" என்று கேட்டாள் யூனிஸ்.

"காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"யார் வீட்டுப் பிள்ளை இதுன்னு கேட்டா."

நஸீர் தன் கையிலிருந்த ஊசியை நிறுத்தினார்.

"கண்ணாடி குடுத்தேன், டீச்சர். இதுல வெச்சுப் பாருன்னேன். பெத்த பிள்ளையைப் பாக்கக் கண்ணாடி எதுக்குன்னு உள்ளே போயிட்டா."

யூனிஸ் எழுந்தாள். ஓர் இழுப்பறையைத் திறந்தாள். பெட்டியில் வரும் ஆட்களுக்குத் தலை தனியாக வரும், பிறகுதான் ஒட்ட வேண்டும். இன்னும் தலை ஒட்டாத ஆட்கள் சிலரை எடுத்து, ஒரு தெர்மோகோல் பட்டையில் வரிசையாகக் குத்தி நிறுத்தினாள். பட்டையை அறையின் அந்தக் கோடியில் ஜன்னல் கட்டையின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

"அது பஸ் ஸ்டாப். நீங்க வண்டி ஓட்டிட்டு வர்றீங்க. சொல்லுங்க சார்."

"என்ன சொல்றது?"

"ஸ்டாப்ல யாரு நிக்கிறாங்கன்னு."

கோதண்டம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். யோசிக்கவே இல்லை.

"முதல் ஆளு ஏறுவான். ஒரு கால் முன்னால வந்துடுச்சு. ரெண்டாவது ஆளு ஏற மாட்டான், அவனுக்கு வேற நம்பர். பக்கத்துல இருக்கறவனுக்கு எந்த வண்டின்னே தெரியாது. நின்னதும் என்கிட்ட வந்து, இது திருநின்றவூர் போகுமான்னு கேப்பான். அவனாலதான் பின்னால வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கும்."

"கடைசி ஆளு?"

"அவன் பஸ்ஸுக்கே நிக்கல. வெயிலுக்கு ஒதுங்கியிருக்கான்."

"தலையே இல்லாம இவ்வளவு சொல்றீங்களே!" என்றார் நஸீர்.

"தலையை யாரு சார் பாக்குறா? தூரத்துல வரும்போதே நிக்கிற விதம் தெரிஞ்சுடும். மூஞ்சி தெரிஞ்சப்புறம் பிரேக் போட்டா ஸ்டாப்பைத் தாண்டித்தான் நிக்கும்."

யூனிஸ் கேட்டாள்: "உங்க பையன் எப்படி நிப்பாரு?"

கோதண்டம் வாயைத் திறந்தார். காட்டுகிறேன் என்பதுபோல நாற்காலியிலிருந்து எழுந்தார். கைகளைப் பின்னால் கொண்டுபோனார். பிறகு முன்னால் கொண்டுவந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அவை தொங்கின.

அவர் உட்கார்ந்தார்.

"விடியறதுக்கு முன்ன டிப்போக்குப் போயிடுவேன்," என்றார். "வரும்போது தூங்கிட்டிருப்பான். லீவு நாள்ல என் வண்டியில கூட்டிட்டுப் போவேன். பக்கத்துல எஞ்சின் மூடி மேல உக்காந்துக்கிட்டு கியர் போடறதையே பாத்துட்டு வருவான். அவன் படுத்திருந்தா எப்படின்னு எனக்குத் தெரியும். உக்காந்திருந்தாலும் தெரியும்."

"பாத்தவங்க யாராவது இருப்பாங்க," என்றாள் யூனிஸ். "அவங்களைக் கேளுங்க."

வீட்டில் முதலில் போட்டோக்களைத் தேடினார். பள்ளிக்கூட போட்டோவில் பையன் கடைசி வரிசையில், தலை மட்டும். பட்டாளத்து போட்டோவில் எல்லோரும் விறைப்பாக ஒரே மாதிரி நின்றார்கள். அதில் யார் வீட்டுப் பிள்ளையையும் யார் வீட்டுப் பிள்ளையாகவும் சொல்லலாம்.

கேட்பதற்கு மனைவி தேசம்மாள்தான் இருந்தாள்.

சவப்பெட்டி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பையன் பெயரை இரண்டு பேரும் சொன்னதில்லை. அப்படிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் சொன்னால் மற்றவர் உடைந்துவிடுவார் என்று இருவரும் அவரவருக்குள் நினைத்துக்கொண்டார்கள். காய் என்ன வாங்குவது, கேஸ் எப்போது தீரும், சர்க்கரை ஊசிக்கு மருந்து இருக்கிறதா. பேச்சு இவ்வளவில் முடிந்துவிடும்.

ஒரு நாள் காலை தேசம்மாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கோதண்டம் சமையலறைக்குள் வந்தார். அவர் கதவை மூடாமல் விட்டுவிட்டு வந்ததால் வாசலிலிருந்து காற்று அடித்து அடுப்புத் தீ அலைந்தது.

"கதவு," என்றாள் அவள் திரும்பாமல்.

அவர் போய் மூடிவிட்டு வந்தார். பிறகு கேட்டார்.

"பரிதி எப்படி நிப்பான்?"

தோசைக் கரண்டி நின்றது. தேசம்மாள் அடுப்பை அணைத்தாள். கல்லின் மேல் இருந்த தோசை ஒரு பக்கம் வெந்தும் மறுபக்கம் வேகாமலும் கிடந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனாள். இந்தப் பக்கம் திரும்பினாள். வலது தோளை நிலைச்சட்டத்தில் சாய்த்தாள். இடது காலைத் தூக்கி வலது கணுக்காலின் குறுக்கே வைத்தாள். ஒரு கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய் மற்றக் கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நிலைச்சட்டம் அவளுக்கு உயரம்தான். ஆனாலும் இடிக்கும் என்பதுபோலத் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா, ஆச்சா?" என்றாள்.

அது அவள் குரல் இல்லை.

கோதண்டம் அடுப்பங்கரையில் நின்றபடி அவளைப் பார்த்தார். அவள் அப்படியே நின்றாள். பிறகு காலை இறக்கினாள், கையை விட்டாள், தேசம்மாள் ஆனாள்.

"தினமும் இப்படித்தான். தோசைக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்பை மறுபடியும் பற்றவைத்தாள். "மூணாவது தோசையை அங்க நின்னுக்கிட்டே தின்னுடுவான்."

அவர் தின்ற தோசைகள் எல்லாமே அதற்கு வெகு நேரம் முன்னால், இருட்டில், டிப்போவுக்குக் கிளம்புவதற்காகச் சுட்டவை.

ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். இழுப்பறை இழுப்பறையாகத் தேடினார். முகத்தைப் பார்க்கவில்லை. உடுப்பைப் பார்க்கவில்லை. ஓர் ஆளை எடுத்து, ஜன்னல் கட்டையில் வைத்து, அறையின் மறுகோடிக்குப் போய்ப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவார். நஸீர் வந்தார், மற்றவர்கள் வந்தார்கள். அவர் தேடிக்கொண்டே இருந்தார்.

கடைசி இழுப்பறையில் ஓர் ஆள் கிடைத்தான். எதன் மேலோ சாய்கிற மாதிரி வலது தோள். குறுக்கே போட்ட கால். முதுகுக்குப் பின்னால் முழங்கையைப் பிடித்த கை. தாழ்ந்த தலை. மறுகோடியிலிருந்து பார்த்த கோதண்டம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கிட்டே வந்து, அந்த ஆள் கிடந்த பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்தபோது அவர் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், இது என்ன?"

யூனிஸ் வந்து பார்த்தாள். "போர்க் கைதிங்க சார். சரணடைஞ்சவங்க. சுவர் ஓரமா நிக்க வெச்சிருக்காங்க."

"கைதியா?"

"ஆமா."

"என் பையன் யார்கிட்டயும் கை தூக்கல." அவர் குரல் உயர்ந்தது. "ஊரே கூடி, கொடி போர்த்தி, துப்பாக்கி சுட்டு மரியாதை செஞ்ச பிள்ளை. அவனைக் கைதின்னு வைக்கச் சொல்றீங்களா?"

அறையில் யாரும் நிமிரவில்லை.

"இவன் எதிரி நாட்டுக்காரன் வேற. உடுப்பைப் பாருங்க!"

யூனிஸ் அந்த ஆளை வாங்கிக்கொண்டாள். மேஜையில் இருந்த சின்னக் கத்தியை எடுத்து, அவன் தோளில் இருந்த பட்டையை ஒரு இழுப்பில் சீவினாள். கோட்டின் காலரைச் சீவினாள். தூள் அவள் விரலில் உதிர்ந்தது. ஊதிவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"உடுப்பைச் சுரண்டி எடுத்துடலாம் சார். நிக்கிறதைச் சுரண்டி வைக்க முடியாது."

கோதண்டம் வெகு நேரம் கழித்துக் கத்தியை எடுத்தார்.

மாசி முழுக்கச் சுரண்டினார். நீளக் கோட்டை அரைக்கைச் சட்டை ஆக்கினார். கனத்த பூட்ஸை வழித்து வழித்து, கடைசியில் வெறுங்கால் ஆக்கினார். டாங்கி ஓட்டுகிறவன் வெறுங்காலோடு நிற்பானா என்று யாரும் கேட்கவில்லை. முகத்தில் கண் வரையவில்லை, மீசை வரையவில்லை. மாநிறம் மட்டும் பூசினார். நஸீர் தன் மிக மெல்லிய ஊசியால் குதிகாலில் துளை போட்டுக் கொடுத்தார். ஆள் விழாமல் நிற்பதற்கு அதில் ஒரு கம்பித் துண்டைச் செருகுவார்கள்.

"வலிக்காது தம்பி, ஒரு நிமிஷம்தான்," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார் நஸீர். பிறகு கோதண்டத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க," என்றார்.

"சொல்லுங்க சார். பரவாயில்ல," என்றார் கோதண்டம்.

டாங்கியின் முன்பக்கம், ஓட்டுநர் மூடிக்குப் பக்கத்தில், டாங்கி நிற்கும் பலகையின் மேல் அவனை நிறுத்தினார்கள். தோள் டாங்கியின் இரும்பில் சாய்ந்தது. அவனுக்குப் பின்னால் மூடி திறந்திருந்தது. தீப்பெட்டியிலிருந்து அதை எடுத்து, ஒட்டாமல், திறந்த நிலையில் சும்மா பொருத்தி வைத்தார். ஆள் வந்த பிறகு டாங்கி திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது.

வீட்டில் அதைக் கூடத்து மேஜையில் வைத்தார். அவளைக் கூப்பிடவில்லை. கண்ணாடியையும் எடுத்து வைக்கவில்லை.

தேசம்மாள் எதற்கோ சமையலறையிலிருந்து வெளியே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கேயிருந்து மேஜைக்கு நல்ல தூரம்.

"பரிதி," என்றாள்.

அவளுக்குக் கேள்வி ஒன்றும் இருக்கவில்லை. கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

கோதண்டம் நாற்காலியில் உட்கார்ந்தபடி அழுதார். அவள் அழவில்லை. மெல்ல நடந்து மேஜைக்கு வந்து குனிந்து பார்த்தாள். முகம் இல்லாததை ஒரு குறையாக அவள் சொல்லவே இல்லை. ஆள் சாய்ந்திருந்த டாங்கியைப் பார்த்தாள். அவன் தலைக்குப் பின்னால் இருந்த சின்ன வட்டப் பொந்தைப் பார்த்தாள்.

"அவனை ஏங்க மறுபடியும் அந்த வண்டிக்கிட்டயே நிக்க வெச்சிருக்கீங்க?"

கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாங்கியைப் பார்த்தார்.

மறுநாள் காலை அவர் எழுந்து வந்தபோது டாங்கி மட்டும் மேஜையில் இருந்தது. பலகையில் ஆள் இருந்த இடத்தில் ஊசி குத்தியது போல ஒரு துளை.

சமையலறை வாசலில், நிலைச்சட்டத்தை ஒட்டிய பலகையில், டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அவன் நின்றான். தீர்ந்துபோன சர்க்கரை மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் கம்பியைக் குத்தி நிறுத்தியிருந்தாள். தோள் நிலைச்சட்டத்தில் சரியாகச் சாய்ந்திருந்தது. அடுப்பைப் பார்த்து நின்றான்.

தேசம்மாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த வண்டியைக் கொண்டுபோய் அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடுங்க," என்றாள். "இவன் இங்க இருக்கட்டும்."

அந்த ஞாயிறு கோதண்டம் டாங்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியேறினார். மேஜையில் வைத்து, துணியைப் பிரித்து, நடந்ததைச் சொன்னார். யூனிஸ் கேட்டுக்கொண்டாள். நஸீர் கேட்காததுபோல ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஆள் பாக்கட்டுமா, டீச்சர்?"

"யாரை?"

அவர் இழுப்பறைகள் பக்கம் திரும்பினார். போகவில்லை.

"அப்ப ஆள் கிடையாது," என்றார். "முறைப்படி மூடியை ஒட்டிடணும்."

பசை பாட்டிலைத் திறந்தார். இடுக்கியால் அந்தப் பொத்தானளவு மூடியை எடுத்தார். விளிம்பில் ஒரு சொட்டுப் பசை வைத்தார். பொந்துக்கு மேலே கொண்டுபோனார். மூடி பொந்தைத் தொடுவதற்குள் கையை இழுத்துக்கொண்டார். மறுபடியும் கொண்டுபோனார். மறுபடியும் இழுத்தார். பசை காய்ந்துவிட்டது. துடைத்துவிட்டு வேறொரு சொட்டு வைத்தார்.

"என்னால முடியல, டீச்சர். நீங்க மூடிடுங்க."

யூனிஸ் இடுக்கியை வாங்கிக்கொண்டாள். மூடியின் விளிம்பில் இருந்த பசையைத் தன் கட்டைவிரலால் வழித்துத் துடைத்தாள்.

"சார், டூட்டி முடிஞ்சு டிப்போல எறங்கும்போது டிரைவர் கதவைத் தெறந்து விட்டுட்டுத்தான் போகணும்னு சொல்வீங்களே."

"ஆமா."

"அது எதுக்கு?"

"ஷெட்டுல வரிசையா வண்டி நிக்கும். ராத்திரி கழுவ வர்றவங்க, மெக்கானிக்கு, எல்லாரும் தூரத்துலயே பாப்பாங்க. கதவு மூடியிருந்தா ஆளு இன்னும் உள்ள இருக்கான்னு அர்த்தம். தெறந்திருந்தா..." கோதண்டம் நிறுத்தினார். டாங்கியைப் பார்த்தார். "தெறந்திருந்தா டிரைவர் எறங்கி வீட்டுக்குப் போயிட்டான்னு அர்த்தம்."

யூனிஸ் மூடியை நன்றாகத் திறந்த நிலையில் வைத்து, கீல் பக்கம் மட்டும் ஒரு சொட்டுப் பசை விட்டாள்.

"அப்ப இது இப்படியே இருக்கட்டும் சார்," என்றாள். "எறங்கியாச்சுன்னு தெரியட்டும்."